பதினாறு படகு

ஆனந்த்ராஜுக்குத் தண்ணீரைக் கண்டாலே அலுப்பு. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கிறிஸ்துராஜ் நடத்தும் தண்ணீர்ப் பரிசோதனை லேப்பில் பத்தொன்பது வருஷ வேலை. தோல் பதனிடும் ஷாப் கழிவு, போர்வெல் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் என்று எதையாவது பாட்டிலில் பிடித்து, சீட்டு ஒட்டி, உப்பு எவ்வளவு என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தால் எந்த ஊர்க் கிணறும் தெளிந்ததாக அவருக்குத் தெரியவில்லை. இப்பேர்ப்பட்ட மனுஷரைத்தான் கடலுக்கு அனுப்பினார்கள்.

அது 2007. பகைவன் விடுகிற ஏவுகணையை வானத்திலேயே மறித்து உடைக்கும் இன்னொரு ஏவுகணையைச் சோதித்துப் பார்க்கப் போகிறார்களாம். உடைந்த துண்டெல்லாம் கிழக்குக் கரையோரம் ஒரு ஊருக்கு நேரே கடலில் விழும். அதனால் சுற்றுச்சூழலுக்கு என்ன கேடு வரும் என்று ஆய்வறிக்கை எழுத வேண்டும். எழுதும் வேலையை எடுத்தது சென்னைக் கம்பெனி ஒன்று. வெயிலில் நின்று தண்ணீர் பிடிக்கிற வேலையையும் படகு எண்ணுகிற வேலையையும் அது கிறிஸ்துராஜ் தலையில் கட்டியது. அவர் ஆனந்த்ராஜ் தலையில் கட்டினார். அதற்குக் கீழே கட்டுவதற்கு வேறு தலை இல்லை.

வாரநாளில் லேப்பை விட்டு நகர முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை போய்வருவது என்று முடிவாயிற்று. எட்டு ஞாயிறு போனார். போன கையோடு அந்த ஊர் மாதா கோயிலில் பூசை பார்ப்பார். கோயில் நிரம்பி ஆம்பளைகள் வாசல்வரை நிற்பார்கள். நம்மூரில் கிறிஸ்துமஸுக்குக்கூட இம்புட்டு ஆம்பளை வரமாட்டானே, என்ன பக்தி என்று மெச்சிக்கொள்வார். வெளியே பிரகாசியம்மாள் என்கிற அம்மா போட்டிருக்கும் இட்லிக் கடையில் சாப்பிட்டுவிட்டுக் கரைக்குப் போய், பன்னிரண்டிலிருந்து நாலு வரை படிவத்தோடு உட்கார்ந்திருப்பார். படிவத்தில் ஒரே கேள்வி: கடலில் தெரியும் படகுகள் எத்தனை? மணலில் வரிசையாக ஏற்றிவைத்த படகுகள் அவர் கண்ணில் படத்தான் செய்தன. அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. இப்போது மீன் இல்லாத காலமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பூஜ்யம் போட்டார். எட்டு வாரமும் பூஜ்யம்.

யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நாலு மணிநேரப் பஸ்ஸில் இடுப்பு விட்டுப்போய் வந்தவருக்கு வாயைத் திறக்கவே அலுப்பு.

எட்டாவது வாரத்துப் பாட்டில் ஒன்று லேப்பில் கை தவறி உடைந்தது. அறிக்கைக்கு நாள் நெருங்கிவிட்டதால் கிறிஸ்துராஜ் அவரைப் புதன்கிழமையே விரட்டினார். மத்தியானம் போய்க் கரையில் இறங்கிய ஆனந்த்ராஜ் அப்படியே நின்றுவிட்டார். மணல் வெறிச்சென்று கிடந்தது. கடல் முழுக்கப் படகு. அருகில் வலை உதறிக்கொண்டிருந்த ஒருவரிடம் இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டார். அவர் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, விசேஷம் ஒன்றுமில்லை, ஞாயிறு ஒரு நாள்தான் கடலுக்குப் போகமாட்டோம், அது ஆண்டவருடைய நாள் என்றார்.

அடப் பாவி மனுஷா, நீயும் பூசைக்குப் போகிற வேதக்காரன்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். அவரும் தன்னை அதைத்தான் கேட்டுக்கொண்டார். ஆனால் பஞ்சம்பட்டிப் பக்கம் அவருக்கு ஒரு குறுக்கம் நிலத்தில் மல்லிகைக் காடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்று பூ பூக்காமல் இருக்குமா, செடி தண்ணீர் கேட்காமல் இருக்குமா? முதல் பூசை முடிந்ததும் அங்கே எல்லோரும் காட்டில்தான் நிற்பார்கள். சாமியாரும் கண்டுகொள்ளமாட்டார். ஒரு ஊரே சேர்ந்து ஒருநாள் முழுக்கக் கையைக் கட்டி உட்காரும் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

படகுகள் கரை திரும்பத் திரும்ப, படிவத்தின் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ணினார். நூற்று நாற்பத்திரண்டு வந்தது. அதற்குள் திரும்பும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மறுநாள் கிறிஸ்துராஜிடம் விஷயத்தைச் சொன்னார். பூஜ்யம் என்று போனால் சோதனையன்று எச்சரிக்கை எதுவும் வேண்டாம் என்று எழுதிவிடுவார்கள். துண்டு தலையில் விழும்வரை கடலில் இருக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. எட்டு வாரக் கணக்கையும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எண்ண வேண்டும் என்றார். கிறிஸ்துராஜ் கெட்டவர் இல்லை. அவருக்கும் அலுப்புதான். சென்னைக்குப் போன் போட்டார். செத்த நேரம் பேசிவிட்டு வைத்தார்.

"ஒங் கணக்கையும் சேத்துக்கிறாங்களாம். ஒம்போது நாளைக்குச் சராசரி. பதினாறு வருதாம்."

"பதினாறு படகு என்னிக்குமே கடல்ல இல்லண்ணே. ஒண்ணு, ஒண்ணுமே இல்ல. இல்லன்னா கடல் நெறயா இருக்கு."

"கையெழுத்தப் போடு ஆனந்து."

போட்டார். இருபதுக்குக் கீழே என்றால் அற்பம் என்று அறிக்கையில் ஒரு விதி இருந்தது பிறகுதான் தெரிந்தது. படகுப் போக்குவரத்து அற்பம், முன்னறிவிப்பு தேவையில்லை என்று தமிழ்ச் சுருக்கத்தில் அச்சடித்து, கீழே அவருடைய பெயரையும் லேப்பையும் ஊரையும் போட்டு, கடலோரத்துப் பஞ்சாயத்து ஆபீசில் ஒட்டிவிட்டார்கள். கலெக்டர் முன்னிலையில் வியாழக்கிழமை கருத்துக்கேட்புக் கூட்டமாம். அங்கே போய் வாயைத் திறந்தால் மறுநாள் லேப்புக்கு வர வேண்டாம் என்று கிறிஸ்துராஜ் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். வீட்டில் மனைவி சகாயசெல்வி, ஐம்பது வயதில் இனி எங்கே போய் வேலை தேடுவீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மல்லிகைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். வரப்பில் யாரோ வருவது தெரிந்தது. இட்லிக்கடைப் பிரகாசியம்மாள். கூட இரண்டு ஆம்பளைகள். அவர்களுக்கு ஞாயிறுதானே ஓய்வு, விடியக்காலப் பூசை முடிந்த கையோடு பஸ் ஏறியிருக்கிறார்கள். டவுனில் லேப் பூட்டிக்கிடக்க, கோயிலில் விசாரித்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். அந்த அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சேறு அப்பிய மண்வெட்டியைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழமையா மம்பட்டி பிடிக்கிறிய?"

அதில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். ஆனந்த்ராஜுக்கு வெட்கமாகப் போயிற்று. மண்வெட்டியை வரப்பில் சாத்திவிட்டு, கிணற்றடியில் அவர்களை உட்காரவைத்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். பஸ் அலுப்பையும் சொன்னார், சராசரியையும் சொன்னார். ஆம்பளைகளில் ஒருவர், அந்தப் பதினாறு எது எது என்று சீட்டு எழுதிக் கொடுங்கள், அவர்கள் மட்டும் போகட்டும் என்றார். யாரும் சிரிக்கவில்லை.

எண்ணியவரே வியாழக்கிழமை கூட்டத்துக்கு வந்து தன் வாயால் சொல்ல வேண்டும், நாங்கள் சொன்னால் படகுக்காரன் அப்படித்தான் சொல்வான் என்று விட்டுவிடுவார்கள் என்றாள் பிரகாசியம்மாள். ஆனந்த்ராஜ் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடை மாற்ற வேண்டிய நேரம் தாண்டி ஒரு பாத்தி தளும்பிக்கொண்டிருந்தது. கடைசியில், வருவது கஷ்டம், எழுதித் தருகிறேன் என்றார். மோட்டார் ரூமுக்குப் போய் ஒரு தாளில் புதன்கிழமைக் கணக்கை எழுதினார். நூற்று நாற்பத்திரண்டு படகுகள். கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுக்கும்போது மனசு லேசானது போலக்கூட இருந்தது.

அந்த அம்மா எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"அம்புட்டும் கரைக்கு வந்த பொறவா எண்ணுனிய?"

"இல்லம்மா. இன்னும் வந்துக்கிட்டே இருந்துச்சு. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு. அதோட நிப்பாட்டிட்டேன்."

அவள் தாளை மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

"எம் மவன் எப்பவும் கடைசியாத்தான் வருவான்" என்றாள்.

ஆனந்த்ராஜ் கையை நீட்டி அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக் கிழித்தார்.

"வியாழக்கிழமை கூட்டம் எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.