கோபுரத்தின் இரும்புப் படி

லிஃப்ட் மெக்கானிக் வீட்டோடு கிடந்து அன்றோடு ஒன்பது நாள். அவனோடு வேலை பார்த்த கூட்டாளி, லிஃப்ட் கூண்டோடு ஒரு மாடி கீழே விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் இருந்தான். விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அவனுக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. குழாயைக் கழற்றி மாட்டினான், மின்விசிறியைக் கழற்றி மாட்டினான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியில் கைவைத்தபோது மனைவி பொறுமையிழந்தாள்.

“அடுத்து என்னையும் கழட்டிப் பாத்துடுவீங்க போல. செருப்ப மாட்டுங்க, கோட்டை வரைக்கும் நடந்துட்டு வரலாம்.”

கடலோரப் பாதை, நாலு கிலோமீட்டர். மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்று பழகியவள் அவள், நிதானமாக நடந்தாள். அவன் இருபதடி முன்னால் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தான். கீழே அலை பாறையில் மோதிப் பொங்கி வழிந்தது. வளைவு திரும்பியதும் நீலமும் பச்சையுமாகக் கடல் முழுசாகத் தெரிந்தது.

“எவ்வளவு அழகா இருக்கு, பாருங்க.”

“ம்” என்றான். கண் கைப்பேசியில் இருந்தது.

முன்னூறு வருடத்துக் கோட்டையில் மிஞ்சியிருந்தது ஒரு மதிலும், துருவேறிய இரண்டு பீரங்கியும், கப்பல் வருவதைப் பார்க்கக் கட்டிய கோபுரமும்தான். கோபுரத்துக்குள் கல்படி இடிந்துபோனதால் இரும்புப் படி போட்டிருந்தார்கள். சீட்டு வாங்கியதும் மனைவி விறுவிறுவென்று ஏறினாள். அவன் கீழே நின்றபடி, பழக்கதோஷத்தில் கைப்பிடியில் உள்ளங்கையை வைத்தான். அதிர்வு சரியில்லை.

“நில்லு. அப்படியே சுவரோரமா மெல்ல இறங்கி வா.”

அந்தக் குரலைக் கேட்டு அவள் மறுபேச்சில்லாமல் இறங்கினாள். படியைச் சுவரோடு பிடித்திருந்த போல்ட்டை அவன் சீட்டு கொடுப்பவரிடம் விரலாலேயே சுழற்றிக் காட்டினான்.

“போன மாசம்தான் சார் செக் பண்ணாங்க.”

“யாரு?”

“யாருன்னு தெரியல. பண்ணதா கையெழுத்து இருக்கு.”

அவர் கோபுரக் கதவைப் பூட்டினார். இவன் வெளியே வந்து பீரங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“என்னங்க?”

“அன்னிக்கு லிஃப்ட் பிரேக் போல்ட்ட முறுக்கினேனான்னு எனக்கு ஞாபகம் இல்ல. முறுக்கினதா கையெழுத்து போட்டுட்டேன். விசாரணையிலயும் அதையேதான் சொன்னேன்.”

அவள் பக்கத்தில் வந்து நின்றாள். “வேலை போயிடும், இல்ல?”

“போயிடும்.”

“சரி. முதல்ல உங்க கூட்டாளிகிட்ட சொல்லிடுங்க. ஊர் சொல்லி அவர் காதுக்குப் போகக் கூடாது.”

பஸ் வர அரை மணி ஆகும் என்றார்கள். அவனால் காத்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தே போனார்கள்.

கூட்டாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு திரும்பி, “கம்பெனிக்கு எழுதிக் குடு” என்றான். “இங்கேயே எழுது. நான் பாக்கணும்.”

மனைவி தாளும் பேனாவும் வாங்கி வந்தாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவன் ஜன்னல் திட்டில் தாளை வைத்து, நின்றபடியே எழுதினான்.