நான்கு நிமிடப் பாட்டு

ஷம்ஸியா தன் குரலை ஒலிபெருக்கியில் கேட்டது அதுதான் முதல் தடவை. களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்து ஊர் ஒன்றில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. பொழுது அடைந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கோயில் முன்னால் இருந்த களத்தில் வெள்ளைத் திரை கட்டி, அறுபது வருஷத்துப் பழைய மாயாஜாலப் படம் ஒன்றை ஓடவிட்டிருந்தார்கள். படம் ஓட ஓட, கூடவே இரண்டு பெண்களின் பேச்சும் ஒலிபெருக்கியில் வந்துகொண்டிருந்தது. அந்த இரண்டு பேரும் பெண்கள் பக்கத்துக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது.

ஒருத்தி பத்தமடை ஷம்ஸியா. இன்னொருத்தி உவரி லிண்டா. கங்கைகொண்டானில் ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மேசை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பாளையங்கோட்டையில் லிண்டாவின் வாடகை வீட்டுக் கதவைச் சாத்தி, ஜன்னலுக்குப் போர்வை தொங்கவிட்டு, ஏதாவது ஒரு பழைய படத்தை ஓடவிடுவார்கள். முதல் காட்சியிலிருந்து வணக்கம் போடும்வரை வாய் மூடாமல் பேசுவார்கள். அந்தப் பேச்சை மட்டும் பதிவு செய்து இணையத்தில் போடுவார்கள். கேட்கிறவர் தன் வீட்டில் அதே படத்தை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். "மூணு, ரெண்டு, ஒண்ணு, அமுக்கு!" என்று லிண்டா சொன்னதும் இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டால், வாயாடிப் பெண்கள் இருவரோடு ஒரே பாயில் உட்கார்ந்து படம் பார்க்கிற மாதிரி இருக்கும். சொந்தப் பெயரைச் சொல்வது கிடையாது. லிண்டா 'கிழக்கத்தி', ஷம்ஸியா 'மேக்கத்தி'. அவ்வளவுதான்.

இந்தப் படங்களைக் கேலி செய்வது என்ன பெரிய வித்தையா? குதிரை பறந்தால் கயிறு தெரியும். மலை இடிந்தால் பாறை துள்ளும். யார் வேண்டுமானாலும் சிரித்துவிட்டுப் போகலாம். இவர்கள் கேலியில் பிரியம் இருந்தது, அதுதான் வேறுபாடு. கயிற்றைக் காட்டிச் சிரித்த கையோடு, "மேல நின்னு அதை இழுத்தவன் உள்ளங்கை என்ன பாடு பட்டிருக்கும்" என்று ஷம்ஸியா சொல்லிவிடுவாள். அதற்காகவே நான்கு வருஷமாகச் சில ஆயிரம் பேர் விடாமல் கேட்டு வந்தார்கள்.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர்தான் ரேடியோ செட் அப்பாத்துரை. இந்தப் பக்கத்துக் கொடைகளுக்கெல்லாம் மைக்கும் குழாய் ஒலிபெருக்கியும் கட்டுகிறவர். தங்கள் ஊர்க் கொடையில் இவர்கள் பேச்சோடு படம் போட வேண்டும் என்று அனுமதி கேட்டு எழுதியிருந்தார்; நேரில் வந்தால் மரியாதை செய்கிறோம் என்றும் எழுதியிருந்தார். போட்டுக்கொள்ளுங்கள், வர இயலாது என்று பதில் அனுப்பிவிட்டு, இருவரும் லிண்டாவின் ஸ்கூட்டரில் கிளம்பி வந்துவிட்டார்கள். திருட்டுத்தனம்தான். ஆனால் நான்கு வருஷத்தில் ஒரு மனிதர் சிரித்துக்கூட அவர்கள் காதால் கேட்டதில்லை. போர்வை தொங்கும் அறைக்குள் பேசிப் பேசித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அந்த ஆசை ஒரு குற்றமா?

முதல் ஒரு மணி நேரம் ஷம்ஸியாவுக்குத் தலைகால் புரியவில்லை. பேசும் கிளிக்கு யாரோ மூக்குப்பொடி டப்பாவுக்குள் வாயை வைத்துக் குரல் கொடுத்திருக்கிறார்கள் என்று லிண்டா சொன்னதும் களமே குலுங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேச்சித்தாய் சிரித்த சிரிப்பில் ஷம்ஸியாவின் தொடையில் ஓர் அடி விழுந்தது. பேச்சித்தாய் பீடி சுற்றுகிறவள். கொடைக்கு விரதம் இருந்து மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். முன்பின் தெரியாத இருவருக்கும் நகர்ந்து இடம் கொடுத்ததோடு, மடியிலிருந்த வறுத்த கடலையையும் அள்ளிக் கொடுத்திருந்தாள்.

"இந்தப் பிள்ளையள் எந்த ஊரோ தெரியல. நல்லாருக்கட்டும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இன்னும் கொஞ்ச நேரத்துல படத்துல அம்மன் வருவா, பாரு. நாக்கைத் தள்ளிக்கிட்டு அச்சு அசல் எங்க ஆத்தா மாதிரியே நிப்பா. போன கொடையில இதே படம் போடும்போது எம்மேல வந்துட்டா. அதுக்குத்தான் எல்லாரும் காத்திருக்கோம்."

ஷம்ஸியா சிரித்தபடி தலையாட்டினாள். அப்போது திரையில் ஒரு பாட்டு தொடங்கியது.

கதாநாயகி தாமரைக் குளத்தைச் சுற்றி ஆடிக்கொண்டு வந்தாள். ஷம்ஸியா அந்தப் பாட்டை அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஒலிபெருக்கியில் லிண்டா, "புலி வாலைப் பாருட்டி, பஞ்சு பிதுங்குது" என்றாள். திரையில் புலி இல்லை. கதாநாயகியின் சடைதான் ஆடியது. சடையைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்த கூட்டம் முன்னிலும் பலமாகச் சிரித்தது. ஷம்ஸியா கடலை மெல்வதை நிறுத்தினாள்.

நடந்தது இதுதான். பதிவு செய்த அன்றைக்கு அவர்கள் பார்த்துப் பேசியது, டிவியில் ஓடியதை யாரோ பதிந்து இணையத்தில் போட்ட பிரதி. விளம்பரத்துக்கு இடம் வேண்டி டிவிக்காரர்கள் இந்தப் பாட்டை வெட்டியிருக்கிறார்கள். அப்பாத்துரையிடம் இருப்பது முழுப்படம். எந்தப் பிரதியை வைத்துப் பேசுகிறோம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது இவர்கள் வழக்கம்தான். ஆனால் இது இவர்கள் பேசிய முதல் படம். அந்த வழக்கம் அப்போது வந்திருக்கவில்லை.

பாட்டு முடிந்தபோது போனில் மணியைப் பார்த்தாள். நான்கு நிமிஷம். இனிமேல் பேச்சு முழுக்கப் படத்துக்கு நான்கு நிமிஷம் முன்னால் ஓடும். அதனால் என்ன என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த கணமே அம்மன் வந்து நான்கு நிமிஷம் கழித்து என்ன வரும் என்பது நினைவுக்கு வந்தது. அரக்கி வருவாள். குகைக்குள்ளிருந்து சிவப்புத் துணி நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவாள். அவளைப் பார்த்து ஷம்ஸியா சொன்னது ஓர் எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருந்தது. "ஏட்டி கிழக்கத்தி, அங்கன பாரேன். நாக்கைப் பாரு நாக்கை! பெட்டிக்கடையில சேப்பு மிட்டாயைத் தின்னுட்டு நேரா வந்துட்டா. போம்மா, போயி வாயைக் கழுவிட்டு வா, அப்புறமா பயப்படுதோம்."

அது அம்மன் முகத்தில் விழப்போகிறது.

ஷம்ஸியா சாய்ந்து, "லிண்டா" என்று அவள் காதோடு வாய் வைத்து விஷயத்தைச் சொன்னாள். லிண்டாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "சேசுவே" என்றாள். பிறகு, "யாரும் கவனிக்க மாட்டாவட்டி. எல்லாத்துக்கும் சிரிச்சிக்கிட்டுத்தான இருக்காவ" என்றாள். சொல்லும்போதே அவள் குரலில் தெம்பு இல்லை. முன்னால் நாலைந்து பையன்கள் போனை உயர்த்திப் பிடித்துத் திரையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பேசியது யார் என்று தேடினால் ஒரு நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒருத்தி துலுக்கச்சி, ஒருத்தி வேதக்காரி. அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. நான்கு நிமிஷப் பாட்டு, வெட்டிய பிரதி என்று யாரிடம் போய் விளக்குவது? இப்படித் தொடங்கி எங்கெங்கோ போய் முடிந்த செய்திகளை அவள் எவ்வளவு வாசித்திருக்கிறாள்!

அப்பாத்துரைக்குச் செய்தி அனுப்பினாள். அது போய்ச் சேரவே இல்லை. திரையில் மந்திரவாதி கதாநாயகியைக் கல்தூணில் கட்டிக்கொண்டிருந்தான். அவள் கதறுவாள், பிறகு கும்பிட்டு அழுவாள், பிறகு தரை பிளந்து அம்மன் எழுவாள். ஏழு நிமிஷம் இருக்கலாம். ஷம்ஸியா எழுந்தாள்.

"எங்க போறா இவ? ஆத்தா வரப்போறா, இரு" என்று பேச்சித்தாய் கையைப் பிடித்தாள். கையை உருவிக்கொண்டு நடந்தாள். ரேடியோ செட் மேசை ஆண்கள் பக்கத்து ஓரத்தில், வேப்பமரத்தடியில் இருந்தது. நடுவில் முந்நூறு பேர். "யம்மா, தலை மறைக்குது" என்று ஒருவர் அதட்டினார். ஒரு குழந்தையின் விரலை மிதித்துவிட்டாள், அது வீறிட்டது. எல்லாரும் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. பர்தா போட்ட ஒருத்தி கொடைக் கூட்டத்துக்கு நடுவில் அலைபாய்ந்து போனால் பார்க்கத்தான் செய்வார்கள். றப்பே, றப்பே என்று மனசுக்குள் ஆண்டவனைக் கூப்பிட்டுக்கொண்டே போனாள். இதற்கிடையில் ஒலிபெருக்கியில் அவள் குரல் என்னவோ ஜாலியாகப் பேசிக்கொண்டிருந்தது. அந்த வாயை நினைத்து அவளுக்கே எரிச்சலாக வந்தது.

மேசையைத் தொட்டபோது திரையில் தரை பிளக்கத் தொடங்கியிருந்தது.

"அண்ணாச்சி, நிப்பாட்டுங்க. பேச்சை நிப்பாட்டுங்க!"

மேசைக்குப் பின்னால் இருந்த அறுபது வயது அப்பாத்துரை திடுக்கிட்டுத் திரும்பினார். முகத்தைப் பார்த்து அல்ல, குரலைக் கேட்டு. "மேக்கத்தியா?" என்றார்.

அவள் வயரைப் பிடிக்கப் போனாள். இடது கையால் அவள் கையைத் தடுத்தார். "தொடாத தாயி. புடுங்குனா டமார்னு கேக்கும். அம்புட்டுப் பேரும் இங்கன திரும்பிருவாவ." அவருடைய வலது கை ஏற்கெனவே ஒரு திருகின் மேல் இருந்தது. அதைப் பையத் திருகினார். "ஏட்டி கிழக்கத்தி, அங்கன பா..." என்ற அவள் குரல் தேய்ந்து அடங்கியது. ஷம்ஸியா எட்டி, பேச்சு ஓடிக்கொண்டிருந்த போனையும் நிறுத்தினாள்.

திரையில் அம்மன் எழுந்தாள். களம் முழுக்கக் குலவை கிளம்பியது. பெண்கள் பக்கத்தில் பேச்சித்தாய் கூந்தல் அவிழ எழுந்து ஆடுவது இங்கிருந்தே தெரிந்தது. அவளைத் தாங்கிப் பிடிக்க நாலு பேர் ஓடினார்கள்.

ஷம்ஸியா மேசைக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான் ஆத்தாவைச் சொல்லல அண்ணாச்சி. அரக்கியைத்தான் சொன்னேன்."

"தெரியும் தாயி. நாலு வருசமா கேக்கேன், எனக்குத் தெரியாதா?" பக்கத்தில் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "நேத்து மத்தியானம் வீட்டுல தனியா ஒருக்க ஓட்டிப் பாத்தேன். இந்த இடம் வந்ததும் குப்புன்னு வேத்துட்டு. எங்கன கோளாறுன்னு பிடிபடல. அதான், தரை பிளந்ததும் சத்தத்தை இறக்கிரணும்னு படம் தொடங்குனதுல இருந்து கையை இதுலயே வச்சிருக்கேன்."

"அப்போ வேண்டாம்னு விட்டிருக்கலாம்லா? படத்தை மட்டும் போட்டிருக்கலாம்லா?"

"நோட்டீசு அடிச்சாச்சு. வேண்டாம்னா, ஏன்னு கேப்பாவ. காரணம் சொன்னா, எங்க, போடு கேப்போம்னு நிப்பாவ." அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "எம் பெஞ்சாதிக்கிட்டகூடச் சொல்லல."

பாட்டைப் பற்றி அவள் சொன்னாள். நிறுத்திய இடத்திலிருந்து நான்கு நிமிஷம் கழித்து ஓடவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றாள். அவர் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். இருவரும் காத்திருந்தார்கள். பேச்சித்தாய்க்கு விபூதி போட்டுத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். திரையில் அம்மன் மறைந்தாள், கட்டு அறுந்தது, கதாநாயகி குகையை நோக்கி ஓடினாள்.

சிவப்பு நாக்கோடு அரக்கி வெளியே வந்தாள். அப்பாத்துரை போனை அமுக்கி, திருகை ஏற்றினார். நாக்கைப் பாரு நாக்கை என்று ஷம்ஸியாவின் குரல் களம் முழுக்கக் கேட்டது. மிட்டாய்க்குச் சிரிக்கத் தொடங்கியவர்கள் வாயைக் கழுவிட்டு வா என்றதும் கைதட்டினார்கள். ஆண்கள் விசில் அடித்தார்கள். விரித்த கூந்தலோடு பேச்சித்தாயும் பக்கத்தில் இருந்தவள் தோளில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஷம்ஸியா இந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தாள். இப்போது மேசைக்குப் பின்னாலிருந்து எழவில்லை.

வீணாகப் பயந்துவிட்டாய், இவர்கள் எல்லாம் நம் ஆட்கள் என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருந்தது. சொல்ல வேண்டுமானால் இந்த மனிதர்தான் சொல்ல வேண்டும்.

"அண்ணாச்சி, இதே பேச்சு நாலு நிமிசம் முந்தி விழுந்திருந்தா இவிய என்ன செஞ்சிருப்பாவ?"

அப்பாத்துரை நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். முன் வரிசையில் அவருடைய தம்பி, தம்பி மகன்கள், மச்சினன், கூடப் படித்தவர்கள், இவர் தூக்கி வளர்த்த பிள்ளைகள் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"இதுல ஒருத்தர் விடாம அம்புட்டுப் பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவேன்" என்றார். "ஆனா தெரியல தாயி."