நூற்றுக்கு எண்பத்தேழு

"உன் பேஜைப் பாக்குறவங்கள்ல பொம்பளைங்க எத்தனை பேரும்மா?"

ஞானஜோதி டீச்சர் இதைச் சாதாரணமாகத்தான் கேட்டார். கையில் காபி டம்ளர், முகத்தில் சிரிப்பு. இளைய மகன் ஜோஸ்வினுக்குப் பெண் பார்க்க, மூத்த மருமகளையும் கூட்டிக்கொண்டு சிட்லபாக்கத்திலிருந்து வந்திருந்தார். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெரூஷா பத்தாம் வகுப்பைக்கூட முடிக்காதவள் என்பதை அவர் பொறுத்துக்கொண்டு சேலையூர் வரை வந்ததே பெரிய விஷயம். ஜோஸ்வின் ஆறு மாதம் கெஞ்சியிருக்கிறான்.

சர்ச் பாடகர் குழுவில் இரண்டு வருடமாக அவனுக்கு முன்வரிசையில் நின்று பாடுகிறவள் ஜெரூஷா. திரும்பிப் பார்த்ததில்லை. அவன் குரல் பின்னாலிருந்து வருகிற ஞாயிறுகளை மட்டும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தாள். இன்று அவன் அவள் வீட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான்.

"எல்லாருமே பொம்பளைங்கதான் ஆன்ட்டி" என்றாள்.

அவளுடைய அப்பா சாலமோனுக்கு கேம்ப் ரோட்டில் ஜெராக்ஸ் கடை. படிப்பை விட்டதிலிருந்து ஜெரூஷா அங்கேதான் உட்காருகிறாள். ஃபாரம் நிரப்பித் தரச் சொல்லி வருகிற பெண்கள், கையெழுத்து என்றதும் கட்டைவிரலை நீட்டுவார்கள். மை ஒட்டிய விரலைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு போவார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் இன்ஸ்டாகிராமில் அந்தப் பக்கத்தைத் தொடங்கினாள். ஒரு நாளைக்கு ஓர் எழுத்து. அவள் கையும் பேனாவும் மட்டும் தெரியும், குரல் கேட்கும். நேரில் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள், போன் முன்னால் நன்றாகப் பேசினாள். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் சேர்ந்திருந்தார்கள்.

"இரும்மா, கணக்கே காட்டுறேன்" என்று ஜோஸ்வின் மேசையிலிருந்த அவள் போனை எடுத்தான். அவளைப் பெருமைப்படுத்துகிற அவசரம் அவனுக்கு. சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. எங்கே தட்டினால் எது வரும் என்று தெரியும். தட்டினான். வட்டம் ஒன்று வந்தது. ஆண்கள் எண்பத்தேழு சதவீதம். பெண்கள் பதின்மூன்று.

அவன் போனைத் திருப்பப் பார்த்தான். அதற்குள் டீச்சர் கண்ணாடியை மாட்டிவிட்டார்.

"என்னம்மா இது? பொம்பளைங்களுக்குன்னு ஸ்கூல் திறந்த. ஆம்பளைங்கதான் அட்மிஷன் போட்டிருக்காங்க."

"வீட்டுக்கு ஒரு போன்தான் ஆன்ட்டி இருக்கும். வீட்டுக்காரர் பேர்ல இருக்கும். அதுலதான் அவங்க பாக்குறாங்க. அது ஆம்பளைன்னு காட்டுது."

"மூஞ்சிகூடக் காட்டலன்னு சொன்னான் இவன். வளையல் போட்ட கை போதாதா அவனுங்களுக்கு?"

அப்படிப்பட்டவர்களும் இல்லாமல் இல்லை. நடுச்சாமத்தில் 'ஹாய்' என்று எழுதி ரோஜாப்பூ அனுப்புகிறவர்கள். அவள் அவர்களைத் தினமும் களை பறிக்கிற மாதிரி பறித்துப் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். மற்றவர்களில் பலர் யார் யார் என்று அவளுக்குத் தெரியும். பீரோவுக்குப் பின்னாலிருந்த இன்னொரு நோட்டில் எழுதியிருந்தாள். துரைராஜ் என்று இருப்பது மீன் விற்கிற கன்னியம்மா அக்கா. தனசிங் என்று இருப்பது தனசிங்கின் அம்மா.

"சரி, ஒருத்தி. ஒரே ஒருத்திய பேசச் சொல்லு. நான் நம்புறேன்" என்றார் டீச்சர்.

"ஒருத்தரையாவது காட்டேன் ஜெரூஷா" என்றான் ஜோஸ்வின். குரல் இறங்கியிருந்தது.

போனில் அந்தப் பெண்கள் அனுப்பிய குரல் பதிவுகள் இருந்தன. எழுதத் தெரியாதவர்கள் பேசித்தானே அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றும் ஒரே மாதிரி முடியும்: யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. சொல்ல மாட்டேன் என்று ஒவ்வொருத்திக்கும் அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது ஆபேல் என்ற பெயரில் வந்தது. படத்தில் ஒரு பைக். தாம்பரத்தில் ஆபேலுக்கா பஞ்சம்? எந்த ஆபேல் என்று அவள் யோசித்ததே இல்லை. "மாமியார் டீச்சரும்மா. சாயங்கால ஜெபத்துல ஆளுக்கொரு பைபிள் வசனம் வாசிக்கணும். என் முறை வந்தா தெரிஞ்ச சங்கீதத்தையே கண்ண மூடிகினு சொல்லிடுவேன். பக்தின்னு மெச்சிக்கிறாங்க. பத்தாவது பாஸுன்னு பொய் சொல்லிக் கட்டிக் குடுத்துட்டாங்கம்மா. என் பேர்ல 'ஜி' வருது, அது மட்டும் வரவே மாட்டேங்குது."

அந்தக் குரலை ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் ஜெரூஷா நேரில் கேட்டாள். "சக்கரை கம்மியா போடும்மா" என்றது அது. ஜோஸ்வினின் அண்ணன் ஆபேலின் மனைவி சுஜி. கல்யாணமாகி எட்டு மாதம்.

சுஜி மாமியாருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். ஜெரூஷா போனைக் கையில் வாங்கியதையும், விரல் மேலே போனதையும் பார்த்தாள். பதிவைத் தட்டினால் போதும். தட்டக்கூட வேண்டாம், 'நான் பாக்குறேன் அத்தை' என்று சுஜி அக்காவே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜெரூஷா காத்திருந்தாள். சுஜி தரையைப் பார்த்தாள்.

"அப்படி யாரும் இல்ல ஆன்ட்டி" என்றாள் ஜெரூஷா.

சாலமோன் மகளை நிமிர்ந்து பார்த்தார். "என்ன பாப்பா சொல்ற? நம்ம கடைக்கு வர்றவங்க..."

"யாரும் இல்லப்பா."

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. "சரி பிரதர். நாங்க ஜெபம் பண்ணிட்டுச் சொல்றோம்."

அதற்கு என்ன பொருள் என்று சாலமோனுக்குத் தெரியும். அவர் சபையில் அதைக் கேட்ட பெண் வீட்டார் யாரும் பதிலுக்குக் காத்திருந்ததில்லை. வாசல்வரை போய்க் கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

ஜோஸ்வின் வாசற்படியில் நின்றான். "பொய் சொல்ற. எது பொய்னுதான் எனக்குப் புரியல" என்றான் மெதுவாக. அவள் முதல்முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். இவனிடம் சொன்னால் இவன் அம்மாவிடம் சொல்லாமல் இருப்பானா? இருக்க மாட்டான், அவளுக்காகவே சொல்லிவிடுவான். அவள் நகர்ந்து வழிவிட்டாள். அவன் படியிறங்கினான்.

கடைசியாக சுஜி வந்தாள். செருப்பை மாட்டச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழ தூரம்தான். அவள் உதடு பிரிந்தது. கண் நிரம்பியிருந்தது.

"சுஜி, வாம்மா" என்று காரிலிருந்து குரல் வந்தது.

சுஜி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். போய்க் காரில் ஏறிக்கொண்டாள்.