தொண்டை கட்டிய சால்மொனெல்லா

நாமக்கல் கோழி ஆய்வுக்கூடத்தில், இறைச்சியில் என்ன கிருமி இருக்கிறது என்பதைக் காலை பத்து மணிக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தெரிந்துகொள்வார்கள். உரித்த கோழியை அலசிய நீர் ஒரு பையில் வரும். அதைப் பச்சைச் சாயம் கலந்த கசப்பு நீரில் ஒரு நாள் ஊற வைப்பார்கள். ஈகோலி போன்ற வாயாடிகளை அடக்கத்தான் அந்தக் கசப்பு. பிறகு சிவப்புத் தட்டில் ஒரு நாள். மறுநாள் மூடியைத் திறந்து பெயர்களை வாசிக்க வேண்டும். இருக்கிற கிருமி "உள்ளேன்" என்று சொல்லும். சொல்லாதது இல்லை என்று அறிக்கையில் எழுதப்படும்.

ஒன்பது வருடங்களாகப் பெயர் வாசித்தவள் கோகிலவாணி. நேர்காணலில் அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். கடைசித் தட்டு வரை குரல் எட்டுமா என்று. எட்டியது.

ஒரு செவ்வாய்க்கிழமை ஆரோக்கியமேரி என்ற அம்மாள் வந்தார். ராசிபுரம் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரி விடுதியின் வார்டன். கையில் பத்தொன்பது பெண்களின் பெயர் எழுதிய தாள். விடுதியில் ஞாயிறுதோறும் கோழிக்குழம்பு. மூன்று வாரங்களாகத் திங்கட்கிழமைதோறும் வாந்தி, பேதி. பதினெட்டுப் பேர் தேறி வகுப்புக்குப் போய்விட்டார்கள். கௌசிகா என்ற இரண்டாம் வருடப் பெண் மட்டும் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். மூன்று வாரக் கோழிக்கும் ஆய்வுக்கூட அறிக்கை இருந்தது. "சால்மொனெல்லா: இல்லை." கீழே கோகிலவாணியின் கையெழுத்து.

"உங்க மேல சந்தேகம் இல்லைங்க மேடம்" என்றார் வார்டன். "சத்தமாக் கூப்பிட்டீங்களான்னு கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

"சத்தமாத்தானுங்க கூப்பிட்டேன். பக்கத்து ரூம்ல இருந்துகூட எட்டிப் பாத்தாங்க."

"அப்ப இன்னொரு தடவை கூப்பிட்டுப் பாருங்க. அந்தப் புள்ளைக்குக் கஞ்சித் தண்ணிகூடத் தங்க மாட்டேங்குது."

வார்டன் போன பிறகு கோகிலவாணி குளிர்பெட்டியிலிருந்து போன வாரத்துப் பையை எடுத்தாள். ஒவ்வொரு பையிலும் பாதி நீரை மிச்சம் வைப்பது வழக்கம். பையைத் திறந்ததும் நெடி மூக்கில் ஏறியது. தும்மிவிட்டு, காதைப் பையின் வாயருகே வைத்தாள். ஈகோலிகள் பேசிக்கொண்டிருந்தன. அவற்றுக்கும் கீழே, அடியில், யாரோ செருமுவது போல ஒரு சத்தம். பேச முயன்று, முடியாமல், மறுபடி செருமியது.

மத்தியானமே அவள் பஸ் பிடித்து, விடுதிக் கோழி வெட்டப்படும் ஆலைக்குப் போனாள். மேலாளர் சடையப்பன் மரியாதையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். உரித்த கோழிகள் கொக்கியில் தொங்கியபடி வந்து, ஒரு தொட்டியில் முங்கி, மறுபக்கம் ஏறின. தொட்டிக்குள் கிருமியைக் கொல்லும் மருந்து.

"நல்லா முக்கி எடுக்கறமுங்க. ஒண்ணும் பொழைக்காது" என்றார்.

"சாகுதுங்களா, இல்லை குரல் மட்டும் போகுதுங்களா?"

"அதை நாங்க விசாரிச்சதில்லீங்க" என்றார் சடையப்பன்.

ஒட்டிய மருந்தோடுதான் கோழியை அலசுகிறார்கள். அதே நீர் பையில் அடைபட்டு இரண்டு மணி நேரம் வண்டியில் வருகிறது. வந்ததும் கசப்பு நீரில் தள்ளுகிறோம். பிறகு நின்று பெயர் கூப்பிடுகிறோம். பஸ்ஸில் திரும்பும்போது கோகிலவாணி இதை வரிசையாக நினைத்துப் பார்த்தாள். தனக்கே அப்படி நடந்தால் தானும் பதில் சொல்லியிருக்க மாட்டோம் என்று தோன்றியது. பத்தொன்பது பேரில் ஒருத்தியின் முகம்கூடத் தனக்குத் தெரியாது என்பதும் அப்போதுதான் உறைத்தது. அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போயிருந்தது.

மறுநாள் காலை ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் தண்டபாணியிடம் சொன்னாள். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்த மனிதர். நடைமுறைப் புத்தகத்தை மேசையில் வைத்து, பக்கம் பக்கமாகத் தள்ளினார்.

"முதல்ல மருந்தோட காரத்தை முறிக்கணுங்க சார். அப்புறம் சப்புன்னு ஒரு கஞ்சியில ஒரு நாள் படுக்க வெச்சிரணும். அதுக்கப்புறம் கசப்புத் தண்ணி. தேறினதுக்குக் கசப்பைத் தாங்க முடியும்."

"புத்தகத்துல ஓய்வுங்கற வார்த்தையே இல்லையேம்மா."

"அதனாலதான் சார் அதுங்க பேசல."

"ஒரு நாள் தள்ளிப் போகும். கறிக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அது கிடக்கட்டும். அதுங்க பேசிருச்சுன்னா, இத்தனை வருஷமா இல்லைன்னு எழுதினதெல்லாம்?"

கோகிலவாணி திறந்து கிடந்த புத்தகத்தை மூடி வைத்தாள். ஒரே பை நீரை இரண்டாகப் பிரித்து, பாதியைப் பழைய முறையிலும் பாதியைப் புது முறையிலும் பார்க்கலாம் என்று முடிவானது. இருபது பைகள். பழையதையும் புதியதையும் ஒரே ஆள்தான் கூப்பிட வேண்டும், ஒரே குரலில்.

அன்றைக்கே ஆலையிலிருந்து பைகள் வந்தன. பத்துப் பத்தரைக்குள் அவள் கஞ்சி காய்ச்சினாள். மருந்தின் காரத்தை முறிக்கச் சோடா உப்பு, கொஞ்சம் லெசித்தின், வேறு சுவை எதுவும் இல்லை. ஊற்றி மூடி, முப்பத்தேழு டிகிரியில் சூட்டுப்பெட்டிக்குள் வைத்தாள். கதவில் ஒரு சீட்டு ஒட்டினாள்: "உள்ளே ஓய்வு. கேள்வி கேட்க வேண்டாம்." அன்று முழுவதும் அந்த அறையைக் கடந்தவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள். தண்டபாணி தொலைபேசியை வெளியே வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய்ப் பேசினார்.

வெள்ளிக்கிழமை பழைய முறைத் தட்டுகள் தயாராயின. கோகிலவாணி இருபதையும் திறந்து கூப்பிட்டாள். ஒன்றும் பேசவில்லை.

புது முறைத் தட்டுகளுக்குச் சனிக்கிழமை பத்து மணி. சடையப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆலையின் சார்பில் வந்திருந்தார். மூடியைத் திறக்கும் முன் அவளைத் தனியாக அழைத்தார்.

"கொஞ்சம் மெதுவாக் கூப்பிட முடியுங்களா? பேசிருச்சுன்னா நான் ஆலையை மூடணுமுங்க. நூத்தி இருவது பேரு வேலை பாக்கறாங்க."

"நேத்து எப்படிக் கூப்பிட்டனோ அப்படித்தானுங்க கூப்பிடணும். இல்லைன்னா ரெண்டையும் ஒப்பிட முடியாது."

அவர் தலையாட்டிவிட்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

கோகிலவாணி முதல் தட்டைத் திறந்தாள். "சால்மொனெல்லா."

பதில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது தட்டின் சிவப்பில் நாலைந்து கறுப்புப் பொட்டுகள் இருந்தன. அவள் கூப்பிட்டதும் ஒரு செருமல். பிறகு, கரகரத்த குரலில், "உள்ளேன்."

அடுத்ததிலும் "உள்ளேன்." அதற்கடுத்ததில் இரண்டு ஒன்றாகச் சொல்லி, ஒன்று மற்றதற்கு விட்டுக்கொடுத்தது. இருபதில் பதின்மூன்று பதில் சொல்லின. தண்டபாணி ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டார்.

கோகிலவாணி மூன்றாவது தட்டின் மேல் குனிந்தாள். "நேத்தும் கூப்பிட்டேனே?"

"கேட்டுச்சு" என்றது தட்டு. "தொண்டை வரல."

அவள் அதைக் குறிப்பு என்ற கட்டத்தில் அப்படியே எழுதினாள்.

சடையப்பன் எழுந்து ஜன்னலருகே போய் ஆலைக்குப் பேசினார். "வண்டி எங்க போயிட்டிருக்கு? சரி, திருப்பிக் கொண்டாரச் சொல்லு. ராசிபுரத்துக்கும் அனுப்பாத." பிறகு கோகிலவாணியிடம் வந்து, கோழிகள் இதற்கு முன் எந்தப் பண்ணையில் இருந்தன என்று தட்டுகளிடம் கேட்டுச் சொல்ல முடியுமா, அங்கிருந்தே சுத்தம் செய்யலாம் என்றார். கேட்டாள். சொல்லின. அவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, தட்டுகளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

தண்டபாணி நடைமுறைப் புத்தகத்தில் "ஓய்வு: ஒரு நாள்" என்று தன் கையால் எழுதி, தேதி போட்டார். விடுதிக்குப் போன மூன்று வாரக் கோழியின் மிச்ச நீரையும் கஞ்சியில் படுக்க வைக்கச் சொன்னார். பழைய அறிக்கைகளைப் பற்றி அவர் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில் என்று அவளுக்குப் புரிந்தது. இனி மாதக்கணக்கில் வேலை இருக்கும். ஆலைப் பைகளிலிருந்து பேசிய கிருமியின் பெயரை மட்டும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொன்னாள். அங்கே மருந்தை மாற்றினார்கள்.

மூன்று பைகளும் செவ்வாய்க்கிழமை பதில் சொல்லின. கோகிலவாணி அறிக்கைகளைத் திருத்தி எழுதி, சாயங்காலம் தானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கௌசிகா கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மெலிந்த பெண், மூக்கில் சிறிய வெள்ளைக்கல். வார்டன் தாள்களை வாங்கிப் படித்தார்.

"இல்லைன்னு எழுதிக் குடுத்தவ நான்தாம்மா" என்றாள் கோகிலவாணி.

கௌசிகா இட்லியை மென்று விழுங்கினாள். "இப்ப இருக்குன்னு எழுதிட்டீங்கல்ல" என்றாள். "நாளைக்கு எனக்குப் பிராக்டிகல் இருக்கு. விட்டாங்கன்னா போயிருவேன்."

டிஸ்சார்ஜ் சீட்டோடு நர்ஸ் வந்தார். கௌசிகா போகலாம், ஆனால் அவளுடைய காய்ச்சல் இன்னும் வார்டில்தான் இருக்கிறது, யாராவது பொறுப்பேற்றுக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றார். விடுதியில் இடம் இல்லை என்று வார்டன் சொன்னார். கோகிலவாணி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

காய்ச்சல் கட்டிலின் மறுபுறத்திலிருந்து எழுந்து போர்வையை மடித்து வைத்தது. வெளியே வந்ததும் கோகிலவாணி தன் கணவன் தங்கராசுவுக்குப் போன் செய்தாள்.

"ஒரு ஆள் கூட வர்றாங்க. கஞ்சியா வெச்சிருங்க."

"யாரு?"

"காய்ச்சல்."

"சரி. ஜன்னல் பக்கத்துக் கட்டிலைத் தட்டிப் போடறேன்."

பஸ்ஸில் இரண்டு இருக்கை கிடைத்தது. கண்டக்டர் வந்து காய்ச்சலின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"நூத்தி ரெண்டுக்கு மேல இருந்தா முழு டிக்கெட்டுங்க."

"நூத்தி ஒண்ணுதானுங்க."

அவர் ஒரு முழு டிக்கெட்டும் ஓர் அரை டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்தார்.