பழைய புரொஜெக்டருக்கு எந்த எண்ணெய்?

1

இந்தக் கதை ஓர் இரும்புக் கடை வரிசையில் கிடைத்தது. எனக்கு முன்னால் நின்றவர், "பழைய ஃபிலிம் புரொஜெக்டருக்கு எண்ணெய் வேணும்" என்றார்.

"என்ன வயசு?" என்று கேட்டார் கடைக்காரர்.

"என்னைவிட மூத்தது."

கடைக்காரர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். திரும்பி வரவில்லை. [வந்திருப்பார். நான் ஆணி வாங்காமலே கிளம்பிவிட்டேன்.]

அந்த மனிதரை எனக்குத் தெரியாது. அதனால் அவரைப் பல் டாக்டர் ஆக்கினேன்.

2

முதல் தொடக்கம்: "மழை பெய்த ஒரு மாலையில், தனிமையில் வாடிய பல் டாக்டர்—"

வேண்டாம். மழைக்கும் எண்ணெய்க்கும் சம்பந்தமில்லை. அவர் தனியாகவும் இல்லை. கூடவே அக்கா இருக்கிறாள்.

இரண்டாவது: "உராய்வு என்பது யாதெனில்—"

இதற்கு மழையே பரவாயில்லை.

மூன்றாவது: பல் டாக்டருக்கு, பூட்டு ரிப்பேர் செய்யும் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசை. முதல் தடவை அவள் வந்தது கிளினிக் பூட்டு தானாகக் கெட்டபோது. அடுத்தடுத்த தடவைகள் அவரே கெடுத்தார். அவளுக்கும் அது தெரியும்.

ஒருநாள் கேட்டேவிட்டார். அவள் சாவியை அராவுவதை நிறுத்தவில்லை.

"உங்க வீட்ல படம் போடுற மெஷின் இருக்காமே?"

"இருக்கு. பழசு."

"எங்க தொழிற்பள்ளியில பூட்டு திறக்கிறதைப் பத்தி ஒரு படம் போடுவாங்க. ஒவ்வொரு தடவையும் பாதியில மெஷின் நின்னுடும். எங்க செட்ல ஒருத்தருக்கும் அந்த ஒரு பூட்டு மட்டும் திறக்க வராது. பள்ளியை மூடினப்போ அந்தப் படச் சுருளை நான் எடுத்துட்டு வந்துட்டேன்."

"போட்டுப் பாத்துடலாம்."

"நிக்காம ஓடி முடிஞ்சா கல்யாணம். நடுவுல ஒரு தடவை நின்னாலும் வேண்டாம்."

"நின்னா, சரிபண்ணித் திரும்ப ஓட்டலாமே?"

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க, டாக்டர்."

[இப்படி யாராவது நிபந்தனை போடுவார்களா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அவளை டீச்சராக்கிப் பார்த்தேன், நர்ஸாக்கிப் பார்த்தேன். இரண்டு பேருமே "யோசிச்சு சொல்றேன்" என்றார்கள். கதை அதற்கு மேல் நகரவில்லை.]

3

மெஷின் வறண்டு கிடந்தது. சுற்றினால் கிறீச்சிட்டது.

வீட்டிலேயே துணி தைக்கும் அக்கா சொன்னாள்: "என் தையல் மெஷின் எண்ணெயை விடுடா. எல்லாம் சுத்துற சாமான்தானே."

டாக்டரிடம் பல் துளைக்கும் கருவிக்கான எண்ணெய் இருந்தது. தண்ணீர் மாதிரி ஓடும். சூட்டில் வழிந்து படத்தில் இறங்கிவிடுமோ என்று பயம்.

சுருளைக் கொடுக்க வந்த பூட்டுக்காரி ஒரு சின்ன டப்பாவையும் நீட்டினாள். "கிராஃபைட் பொடி. எண்ணெய் விட்டா தூசிதான் சேரும். பூட்டுக்கு நான் எண்ணெயே விடமாட்டேன்."

டாக்டர் டப்பாவை வாங்கினார், திறக்கவில்லை. பொடி பறந்தால் படம் முழுக்கக் கரி. அவள் சொன்னதைக் கேட்டால் அவள் படமே பாழ். அக்கா சொன்னதைக் கேட்டால், கல்யாணத்துக்கு முன்பே அக்கா பேச்சைக் கேட்கிறவன் என்று பெயர்.*

அக்கா எண்ணெய்தான் ஜெயித்தது.

* தெரிந்தவரிடம் விசாரித்தேன். சமையல் எண்ணெய் ஆகவே ஆகாது, நாளானால் பிசினாகிவிடும். தண்டு சுழலும் இடத்தில் லேசான மெஷின் எண்ணெய், ஒரே ஒரு சொட்டு. பற்சக்கரத்துக்கு கிரீஸ். சில இடங்களில் எதுவுமே கூடாது. கதையில் இருக்கும் யாருக்கும் இது தெரியாது.

4

டாக்டர் கையுறை மாட்டினார். ஊசிக் குழாயில் எண்ணெயை ஏற்றினார். முதல் துளையில் வைத்து, "வலிச்சா கையைத் தூக்குங்க" என்றார், பழக்கதோஷம்.

"அதுக்குக் கை இல்லடா" என்றாள் அக்கா.

துளையைப் பார்த்தால் நிரப்பாமல் விட அவருக்குத் தெரியாது. பல்லில் அப்படியே பழகியவர். மேலே, கீழே, பக்கவாட்டில் என்று எல்லாவற்றிலும் விட்டார். கடைசியாகக் கீழ்ச் சக்கரம். ஓடி முடிந்த படத்தைச் சுற்றிக்கொள்வது அதுதான். இரண்டு வட்டுகள் ஒன்றையொன்று உரசிப் பிடிப்பதால்தான் அது சுழல்கிறது. பிடி வழுக்கினால் நின்றுவிடும். அந்த வட்டுகளுக்கு நடுவிலும் ஓர் இடுக்கு இருந்தது.

ஆழமாகத் தெரிந்ததால் இரண்டு சொட்டு விட்டார்.

["ஏதோ மனதில் உறுத்த, டாக்டர் சட்டென்று—" என்று எழுதி அடித்துவிட்டேன். எதுவும் உறுத்தவில்லை. அவருக்கு ரொம்பத் திருப்தி.]

5

பூட்டுக்காரி, திறக்க வராத அந்தப் பூட்டை மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"என் பொடியா போட்டீங்க?"

"இல்ல."

"அக்கா எண்ணெயா?"

"ஆமா."

"பரவால்லியே, பொய் சொல்லல" என்றாள். திரும்பவில்லை.

மெஷின் சத்தமே இல்லாமல் ஓடியது. சுவரில் இரண்டு கைகள் பூட்டைத் தடவின. அவள் மடியிலும் இரண்டு கைகள் அதையே செய்தன.

டாக்டர் குனிந்து பார்த்தார். கீழ்ச் சக்கரம் சும்மா இருந்தது. படம் தரையில் இறங்கிக் குவிந்துகொண்டிருந்தது. அவர் கணுக்கால் மறைந்தது. முழங்காலை நெருங்கியது. மெஷினை நிறுத்தினால் படம் பிழைக்கும், கல்யாணம் போய்விடும்.

கண்ணாலேயே அக்காவைக் கூப்பிட்டார். அக்கா வந்தாள், பார்த்தாள், படத்தை அள்ளிப் போர்வை மாதிரி மடிக்கத் தொடங்கினாள்.

"நுனி எங்கடா?" என்று கிசுகிசுத்தாள்.

6

முடிவு ஒன்று: படம் அறுந்தது. [அறுக்கப் பார்த்தேன். அக்கா எண்ணெய் நல்ல எண்ணெய்.]

முடிவு இரண்டு: டாக்டர் தன் ஆசையைத் தியாகம் செய்து, மெஷினை நிறுத்தினார். வாசகர்கள் கண் கலங்குவார்கள். டாக்டரிடம் சொல்லிப் பார்த்தேன். "உங்களுக்கு என்ன சார், உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு" என்றார்.

ஆகவே படம் ஓடி முடிந்தது. சுவர் வெள்ளையானது. அவள் மடியில் பூட்டு 'டக்' என்று திறந்தது. சிரித்தபடியே திரும்பினாள். சிரிப்பு அப்படியே நின்றது.

"காலை அசைக்காதீங்க, டாக்டர்."

"அசைக்கல. படம் நிக்கலையே?"

"நிக்கல."

"அப்போ?"

"முதல்ல இதைச் சுத்தி எடுக்கணும். ஒரு கீறல் இல்லாம. அப்புறம் சொல்றேன்."

"நீங்க ஒரு நிபந்தனைதானே சொன்னீங்க?"

"அப்போ தரையைப் பாக்கல."

அக்கா மடித்த மடிப்பில் நுனி எங்கோ உள்ளே போய்விட்டது. நுனி கிடைக்காமல் சுற்ற முடியாது. சுற்றாமல் பதில் கிடையாது. பெண்கள் இருவரும் முட்டி போட்டுத் தேடுகிறார்கள். டாக்டர் நின்ற இடத்திலிருந்தே, "அங்க, அங்க" என்கிறார். அங்கே இல்லை.

பதில் எனக்கும் தெரியாது. குனிந்து தேட என் முதுகு இடம் கொடுக்கவில்லை. நீங்கள் உள்ளே வாருங்கள்.

செருப்பை வெளியே விட்டுவிட்டு.