சுவரில் தொங்கிய டார்ச்

"நஞ்சக்கா, அந்த டார்ச்சைக் குடுங்க. ஆடிட்டுக்கு ஆள் வந்தாச்சு."

பனியன் கம்பெனி முதலாளி தனபால் கை நீட்டியபடி நின்றார். நஞ்சம்மாள் கறுப்பு டீசர்ட்டுக்குள் டார்ச்சை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வெளிச்சம் விழுந்தால் கடுகளவு ஓட்டையும் கண்ணைக் குத்தும். ட்யூப்லைட்டில் மட்டும் பார்த்தால் இரண்டு வருடமாகக் கறுப்புத் துணி அவளுக்கு வெறும் கறுப்புதான். கண் மங்கியதை யாரிடமும் சொல்லவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் செக்கிங் வேலை போனால் வேறு எந்தக் கம்பெனி கூப்பிடும்? அதற்காகவே சொந்தக் காசில் தேடி வாங்கிய சார்ஜ் டார்ச். "அக்கா டீசர்ட்டுக்குள்ள பாம்பு புடிக்கறாங்க" என்று சூப்பர்வைசர் சித்ராதேவி சிரிப்பாள். ஃபியூஸ் போனால் அவளே வந்து அந்த டார்ச்சைக் கேட்பாள்.

"எதுக்குங்க?"

"எமர்ஜென்சி டார்ச் செவுத்துல தொங்கோணுமாம். நாம எங்க வாங்கி வெச்சோம்?" டார்ச்சில் ஒட்ட அவர் கையில் சிவப்பு ஸ்டிக்கர் தயாராக இருந்தது. "பீஸ் செக்கிங் நிக்கக் கூடாதுங்க. நீங்க பாருங்க."

டார்ச் சுவருக்குப் போனதும் அவள் துணியை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். நல்லதென்று பட்டதை எல்லாம் வலப்பக்கம் அடுக்கினாள்.

ஆர்டர் கொடுத்த கம்பெனி அனுப்பிய ஆடிட்டர் ஞானசம்பந்தம் சுவரிலிருந்த டார்ச்சை எடுத்து அழுத்தினார். "அட, நல்ல டார்ச்சாவே வெச்சிருக்கீங்க!"

"பாதுகாப்புல குறை வெக்கறதில்லீங்க" என்றார் தனபால்.

டார்ச்சை அணைக்க மனமில்லாமல் நடந்து வந்த ஆடிட்டர், விளையாட்டுப்போல வலப்பக்க அடுக்கின் மேல் டீசர்ட்டை எடுத்து அதற்குள் வெளிச்சத்தை விட்டார். தோள்பட்டையில் ஓட்டை. அடுத்ததில் இரண்டு. அதற்கடுத்ததிலும்.

"இதெல்லாம் யார் பாத்தது?"

நஞ்சம்மாளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. 'அது என்ற டார்ச்சுங்க.' சொன்னால் ஆடிட் போகும், ஆர்டர் போகும், தையல் லைனில் குனிந்திருக்கும் நாற்பது பேருக்கும் வேலை இருக்காது. அவள் தனபாலின் முகத்தைப் பார்த்தாள். அவர் பேசுவார் என்றிருந்தாள். பேசினார்.

"வயசானவங்க, பாவம்னு வெச்சிருந்தேனுங்க." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "ஏனுங்க்கா, இத்தன நாளும் குருட்டுக் கண்ணை வெச்சுக்கிட்டுத்தான் பீஸ் பாத்தீங்களா? போயிட்டு வாங்க. நாளைக்கு வர வேண்டாமுங்க."

குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை.

பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது பின்னாலிருந்து சித்ராதேவி ஓடி வந்தாள். "அக்கா, நில்லுங்க, நில்லுங்க!"

நஞ்சம்மாள் நின்றாள்.

"அந்த டார்ச்சுக்குச் சார்ஜர் எங்கீங்க்கா? ஆடிட்டர் கேக்கறாரு. மொதலாளி வாங்கிட்டு வரச் சொன்னாரு."

நஞ்சம்மாள் பையைத் திறந்தாள். சோற்றுத் தூக்குப்போசிக்கு அடியில் சார்ஜர் ஒயர் சிக்கிக் கிடந்தது. வெயிலில் நின்றே ஒவ்வொரு முடிச்சாகப் பிரித்தாள், ஒழுங்காகச் சுற்றினாள், சித்ராதேவியின் கையில் வைத்தாள்.

"ராத்திரி முச்சூடும் போட்டுராதீங்க கண்ணு. ரெண்டு மணி நேரம் போதும்."

"சரிங்க்கா" என்று அவள் உள்ளே ஓடினாள். வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார்.