நாற்பதாவது வரிசையில் இரண்டு இடம்

ஆர்கோஸ் ஊர்க் கடைத்தெருவில் சலவைக்கடை வைத்திருக்கிற அசிமினா என்றால் நான்தான். என் சலவையைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும் பொறுத்துக்கொள்வேன். கல் அரங்கத்தில் இடம் பிடிப்பதைப் பற்றி மட்டும் யாரும் எனக்குப் பாடம் எடுக்கக் கூடாது.

கோடையில் நாடகம் போடும் அந்தப் பழைய அரங்கத்தில் கீழ்ப்பாதிக்கு எண் உண்டு. மேல்பாதிக்கு எண் கிடையாது, முந்துகிறவர்களுக்கு இடம். இரண்டு மணி நேரம் முன்பே பைன் மரங்களுக்கு அடியில் வரிசையில் நின்று, கொண்டுபோன பாலாடைக்கட்டி அப்பத்தை நின்றபடியே தின்றுவிட்டு, கதவு திறந்ததும் ஓட வேண்டும். சுற்றுலாக்காரர்கள் நட்டநடுவுக்கு ஓடுவார்கள். அங்கே மாட்டினால் இரண்டு பக்கமும் முப்பது முழங்கால்கள், அவசரத்துக்கு எழுந்து போக முடியாது. நடைபாதையை ஒட்டிய வரிசை அதைவிட மோசம், பிந்தி வருகிறவர்கள் எல்லாரும் நம் மூக்குக்கு முன்னால்தான் போவார்கள். இடதுபக்கத்திலிருந்து மூன்றாவது பகுதி, நாற்பதாவது வரிசை, படிக்கட்டு ஓரம். அதுதான் இடம். எந்தக் கல்லின் விளிம்பு உடைந்திருக்கிறது, எது தொடையில் குத்தும் என்பதுகூட எனக்கு அத்துப்படி.

இருபத்தாறு வருடமாக அங்கே இரண்டு இடம் பிடித்துவந்தேன். ஒன்று எனக்கு, இன்னொன்று கரிஃபாலியாவுக்கு. என் கடைக்கு அடுத்த கடையில் பெண்களுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தவள், என் ஒரே சிநேகிதி. நான் கல்லில் போட்டு உட்காரும் சின்ன மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுவேன். அவள் தன் முழங்காலைத் திட்டிக்கொண்டே படிப்படியாக ஏறி வருவாள். அவளுக்கு மூச்சு வாங்கி முடிந்ததும் இடம் எப்படி என்று கேட்பேன். ராஜ இடம்டி என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் ஓடினேன்.

போன பனிக்காலத்தில் கரிஃபாலியாவின் வீட்டு மாடிக்கு லூக்கியா குடிவந்தாள். ஏதென்ஸில் பல் வைத்தியம் பார்த்து ஓய்வுபெற்றவள். மெல்லிய குரல், வெள்ளைச் சால்வை, எதற்கெடுத்தாலும் ஒரு நன்றி. முதல் மாதம் கரிஃபாலியாவைக் காபி குடிக்கக் கூப்பிட்டாள், இரண்டாவது மாதம் கடற்கரைக்கு அழைத்துப்போனாள். எனக்குப் பொறாமையே இல்லை என்று என் புருஷனிடம் ஒரு நாளைக்கு நாலு தடவை சொன்னேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

ஜூலையில் நாடகத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது கரிஃபாலியா போன் செய்தாள். லூக்கியா ஆறாவது வரிசையில் இரண்டு சீட்டு வாங்கிவிட்டாளாம், இந்த ஒரு தடவை இவளும் அவளோடு கீழே உட்காரப் போகிறாளாம், நான் கோபித்துக்கொள்ளக் கூடாதாம். தாராளமாகப் போ என்றேன். போனை வைத்துவிட்டு இஸ்திரிப் பெட்டியால் ஒரு வக்கீலின் கோட்டைத் தீய்த்தேன்.

வீட்டில் இருந்திருக்கலாம். வீம்புக்குப் போனேன். வழக்கம்போல் ஓடி, வழக்கமான இடத்தில் இரண்டு மெத்தைகளைப் போட்டேன். காலியான மெத்தையைக் காட்டி எட்டுப் பேர் கேட்டார்கள். ஆள் வருகிறது என்று எட்டுப் பேரிடமும் பொய் சொன்னேன்.

மேடையில் ஒரு அரசி செத்துப்போன புருஷனுக்காக மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் அவளைப் பார்க்கவில்லை. ஆறாவது வரிசையில் இரண்டு தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று கொஞ்சம் எழுந்ததும் லூக்கியா தன் சால்வையில் பாதியைக் கரிஃபாலியாவின் தோளில் போட்டாள். கரிஃபாலியா அவள் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்ல, இரண்டு தலைகளும் சேர்ந்து குலுங்கின. என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். என் வயிற்றில் எரிந்த தீயில் ஒரு ஆட்டையே சுட்டிருக்கலாம்.

நாடகம் முடிந்தது. கைதட்டல் ஓய்வதற்குள் நான் படிகளில் பாதி தூரம் இறங்கியிருந்தேன். கீழே, நாடகம் ஆடிய வட்டத்தைக் கடந்து இருவரும் வாசலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். லூக்கியா கரிஃபாலியாவின் முழங்கையைப் பிடித்திருந்தாள். வட்டத்தின் நடுவில் அவர்களை மறித்தேன்.

நான் கத்தவில்லை. நாகரிகம் தெரிந்தவள் மாதிரி தணிந்த குரலில்தான் கேட்டேன்.

"எப்படி இருந்தது புது இடம்? மெத்தையையும் அந்தம்மாவே தூக்கிட்டு வந்தாங்களா? இருபத்தாறு வருஷமா நாய் மாதிரி ஓடி ஓடி இடம் பிடிச்சேன். ஒரு சால்வையப் பார்த்ததும் பல்ல இளிச்சிட்டுப் போயிட்டியேடி."

அந்த வட்டத்தின் நடுக்கல்லில் நின்று பெருமூச்சு விட்டால்கூட உச்சி வரிசைக்குத் துல்லியமாகக் கேட்கும். எங்கள் பக்கத்துச் சின்னக் குழந்தைக்கும் அது தெரியும். கோபத்தில் எனக்கு மறந்துபோனது. மேல் வரிசைகளிலிருந்து இறங்கக் காத்துநின்ற இரண்டாயிரம் பேரும் பேச்சை நிறுத்தினார்கள். யாரோ உஷ் என்றார்கள். நாடகம் இன்னும் முடியவில்லை என்று நினைத்து ஒரு குடும்பம் மறுபடி உட்கார்ந்தது.

கரிஃபாலியாவுக்கு அந்தக் கல்லின் சங்கதி மறக்கவில்லை. அண்ணாந்து ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"நீ ஓடினே, சரி. நான் ஏறினேன்டி. இந்த முட்டிய வச்சுக்கிட்டு இருபத்தாறு வருஷம். ஒவ்வொரு தடவையும் இடம் எப்படின்னு கேட்ப. எங்க உக்காரணும்னு ஒரு தடவை கேட்டிருக்கியா? இவ கேட்டா. அவ்வளவுதான் இவ பண்ணது."

மேலே ஒரு பெண் "அதானே" என்றாள். லூக்கியா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாவம், அவள் முகத்தில் ஜெயித்த களை ஒன்றும் இல்லை, அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

எனக்கு ஆயிரம் பதில் இருந்தது. சீட்டு வாங்கித் தருவது பெரிய காரியமா, இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்பது பெரிய காரியமா என்று கேட்டிருக்கலாம். ஆனால் கரிஃபாலியா ஒரு காலில் பாரத்தைப் போட்டு, இன்னொரு முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டு நின்றாள். எத்தனையோ வருடமாக அவள் அப்படித்தான் நிற்கிறாள். நான் எப்போதும் முன்னால் ஓடிவிடுவதால் பார்த்ததில்லை.

"அடுத்த வருஷம் எங்க உக்காரலாம்?" என்று கேட்டேன்.

"ஆறாவது வரிசை," என்றாள். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "மூணு பேரும்," என்றாள்.

மூன்று. அந்த எண் எலும்பில் உரசியது. லூக்கியாவுக்கு வலப்பக்கமா இடப்பக்கமா, நடுவில் யார் உட்காருவது என்று அந்த நிமிடமே மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. முடியாது என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். மேலே ஒருவரும் நகரவில்லை.

"சரி," என்றேன். முணுமுணுப்பாகத்தான் சொன்னேன், ஆனாலும் கடைசி வரிசை வரைக்கும் போய்விட்டது. இனி மாற்றிப் பேச முடியாது.